பிரான்சுக் கிராமத்து வீடும் கொழும்புக் கணக்கும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கடந்த ஞாயிறு இதழில், கொழும்பில் ஒரு தொடர்மாடி வீட்டை விற்கும் பணத்துக்குப் பிரான்சின் கிராமப்புறத்தில் காணியோடு சேர்ந்த பழைய கல்வீடு ஒன்றை வாங்கி, அதை விடுமுறைக்கு வருவோருக்கு வார வாடகைக்குக் கொடுத்து, இங்கிருந்தபடியே யூரோவில் வருமானம் பெறலாம் என்று ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. அதைப் படித்த இரண்டு குடும்பத்தினர், என் தங்கையின் மகன் அத்தொழிலில் இருப்பதை அறிந்திருந்தமையால், வெள்ளவத்தையில் என் வீடு தேடி வந்து விசாரித்தனர். கட்டுரையாளர் விலையைச் சரியாகவே எழுதியிருக்கிறார். மத்திய பிரான்சிலுள்ள குறூஸ் போன்ற மாவட்டங்களில் வீடுகள் உண்மையாகவே மலிவுதான். ஆனால் வாங்கிய மறுநாள் தொடங்கும் வேலையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. வங்கியில் நெடுங்காலம் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்தவன் என்ற முறையிலும், இரண்டு கோடைகாலங்களில் பிரான்சில் உள்ள அந்த மருமகனின் வளவில் தங்கி வாளியும் துடைப்பமும் பிடித்தவன் என்ற முறையிலும் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

இவ்வகை வீட்டைப் பிரெஞ்சில் 'ஜீத்' என்பர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மக்கள் கிராமங்களை விட்டு நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், வெறுமையாகக் கிடந்த பண்ணைக் கட்டடங்களைத் திருத்தி, கமக்காரருக்கு ஒரு பக்க வருமானமும் நகரத்துக் குடும்பங்களுக்கு மலிவான விடுமுறையும் கிடைக்கச் செய்யச் செனட்டர் எமில் ஒபேர் எடுத்த முயற்சியால், 1951 இல் தெற்கு ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் முதலாவது ஜீத் திறக்கப்பட்டது. 1955 இல் 'ஜீத் து பிரான்ஸ்' கூட்டமைப்பு உருவானது. வீடுகளின் தரத்தை அவர்கள் நட்சத்திரத்தில் அளக்காமல் கோதுமைக் கதிரில் அளப்பது இந்தத் தோற்றுவாயால்தான். அதே வளவில் குடியிருந்து, மாட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டு, பக்கத்துக் கட்டடத்தை வாடகைக்கு விடும் ஒருவரை மனத்தில் வைத்தே இந்த ஏற்பாடு உண்டாக்கப்பட்டது. கொழும்பில் இருப்பவர் அதை நடத்தப் புகுந்தால், அங்கே குடியிருப்பவர் கைப்பாடாகச் செய்துகொள்ளும் ஒவ்வொன்றுக்கும் கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

வாங்கும் முறையைப் பொறுத்தவரை, நம்மவர்கள் அஞ்சும் அளவுக்கு அது மோசமானதன்று. அங்கே வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு என்பவர் அரசால் நியமிக்கப்படும் உத்தியோகத்தர். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அவர் ஒருவரே இருக்கலாம். முதலில் ஒப்பந்தம் எழுதப்படும். அது கைக்குக் கிடைத்த பின்னர் பத்து நாட்களுக்குள் வாங்குபவர் காரணம் எதுவும் கூறாமல் விலகிக்கொள்ளலாம். விற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. வழக்கமாக விலையில் 5 முதல் 10 வீதம் வரை முற்பணம் கட்டப்படுகிறது. உறுதி முடிய ஏறத்தாழ மூன்று மாதமாகும். பழைய வீடாயின் விலைக்கு மேல் இன்னும் 7 அல்லது 8 வீதத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். அதை நொத்தாரிசுக் கட்டணம் என்று சொன்னாலும் பெரும்பகுதி வரியாகவே போய்விடுகிறது. இங்கே 4 வீத முத்திரை வரிக்குப் பழகியவர்களின் கணக்கு முதலில் பிசகும் இடம் இதுதான். வளவோடு விவசாயக் காணியும் சேர்ந்திருந்தால், 1960 இல் ஏற்படுத்தப்பட்ட 'சஃபேர்' என்னும் கிராமியக் காணி நிறுவனத்துக்கு நொத்தாரிசு அறிவித்தல் கொடுத்து, அது தானே வாங்க விரும்புகிறதா என்று இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் பங்காளருக்கு உள்ள முதலில் வாங்கும் உரிமையை நினைத்துப் பார்த்தால், யாழ்ப்பாணத்தவருக்கு இது ஒன்றும் புதுமையாகத் தோன்றாது.

நான் அதிகம் எழுத விரும்புவது மலக்குழியைப் பற்றி. நாகரிகமான பேச்சன்று என்பதை அறிவேன். பிரான்சில் ஒதுக்குப்புறமான வீடுகளுக்குப் பொதுக் கழிவுநீர்க் குழாய் கிடையாது; ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தக் குழியும் அதையொட்டிய வடிகட்டும் நிலமும் வேண்டும். விற்பனையின்போது உள்ளூராட்சிச் சேவையின் பரிசோதனை அறிக்கை இணைக்கப்பட வேண்டும். அது மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருக்கக்கூடாது. குழி விதிகளுக்கு அமைவாக இல்லையென்றால், உறுதி முடிந்து ஓராண்டுக்குள் அதைத் திருத்தும் கடமை வாங்கியவருக்கே உரியது. தாத்தாவும் பாட்டியும் இருவராக வாழ்ந்த வீட்டின் குழிக்குள் எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பம் ஒவ்வொரு வாரமும் மாறி மாறி வந்து குளித்து, துவைத்து, ஈரத் துடைப்புத் தாள்களையும் போட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு யூலை மாதத்துச் சனிக்கிழமை காலையில் நானும் மருமகனும் எங்கள் கண்ணால் பார்த்தோம். அன்று பிற்பகல் நான்கு மணிக்கு அடுத்த குடும்பம் வரவிருந்தது. குழி இறைக்கும் வண்டிக்காரர் திங்கட்கிழமைக்கு முன்னர் வர இயலாது என்றார். மருமகன் தன் சொந்த வீட்டை வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மனைவி பிள்ளைகளோடு களஞ்சிய அறையில் இரண்டு இரவு படுத்தார். கொழும்பில் இருக்கும் உரிமையாளர் அந்த நேரத்தில் என்ன செய்திருப்பார் என்று நான் இன்னமும் யோசிப்பதுண்டு.

சனிக்கிழமை என்று குறிப்பிட்டேன். கோடையில் இவ்வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை வாடகைக்கு விடப்படுகின்றன. காலை பத்து மணிக்கு ஒரு குடும்பம் வெளியேறும். மாலை நான்கு மணிக்கு அடுத்தது வரும். இடைப்பட்ட ஆறு மணித்தியாலத்தில் படுக்கை விரிப்புகள், சமையலறை, குளியலறை, அடுப்பு, புல்வெளி எல்லாம் முடிய வேண்டும். பரிஸ் உணவகச் சமையலறையில் இருபது ஆண்டுகள் நின்ற மருமகனுக்கே இடுப்பு விட்டுப்போகும் வேலை அது. நீச்சல் தடாகம் இருந்தால் வாடகை கூடும் என்பது மெய். ஆனால் 2003 சனவரி 3 ஆம் திகதிய சட்டப்படி வேலி, அபாய மணி, மூடி, கூடாரம் என்பவற்றுள் ஒன்றேனும் இருக்க வேண்டும். தவறினால் 45,000 யூரோ வரை தண்டம் விதிக்கலாம். முன்பதிவுப் பணத்திலும் ஒரு கண் வேண்டும். பிரெஞ்சில் 'ஆர்' என்று எழுதி வாங்கிய முற்பணமாயின், வருபவர் விலகினால் அதை இழப்பார்; உரிமையாளர் விலகினால் இருமடங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இனி வருமானம். கட்டுரையில் வார வாடகையை 52 ஆல் பெருக்கியிருந்தார்கள். பிரெஞ்சுப் பாடசாலைகளின் கோடை விடுமுறை ஏறத்தாழ எட்டு வாரம். கடலோ பனிமலையோ அருகில் இல்லாத கிராமத்தில் நிச்சயமாக நிரம்பும் வாரங்கள் அவைதாம். வாரத்துக்கு 800 யூரோ என்று வைத்துக்கொண்டாலும் 6,400 யூரோதான் வருகிறது. அதிலிருந்து காணி வரி, காப்புறுதி, துப்புரவுக் கூலி, இணையத் தளங்களின் தரகு, ஆண்டுதோறும் புகைபோக்கி துப்புரவு, குளிர்காலத்தில் குழாய்கள் உறையாமல் இருக்க மின்சாரம் ஆகியவற்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். 2024 நவம்பர் 19 ஆம் திகதிய சட்டம் வரிச் சலுகையையும் குறைத்துவிட்டது: சுற்றுலா விடுதியாக உத்தியோகபூர்வமாகத் தரப்படுத்தப்படாத வீட்டின் வருமானத்தில் முன்னர் 50 வீதம் செலவாகக் கழிக்கப்பட்டது, இப்போது 30 வீதம் மட்டுமே, இந்த எளிய முறைக்கான உச்ச வருமானமும் 15,000 யூரோவாக இறங்கியுள்ளது. தரப்படுத்திய வீட்டுக்கு 71 வீதமாக இருந்தது 50 வீதமாகியுள்ளது.

என்னிடம் வந்தவர்களுள் ஒருவரின் மனத்தில் இருந்தது வாடகை அன்று, வீசா என்பதைப் பேச்சிலேயே உணர்ந்தேன். பிரான்சில் வீடு வைத்திருப்பது அங்கே வசிக்கும் உரிமையைத் தராது. செங்கன் வீசாவில் 180 நாட்களுக்குள் 90 நாள் நிற்கலாம். நீண்டகாலப் பார்வையாளர் வீசா பெறுபவர் அங்கே தொழில் செய்யக்கூடாது. மற்றவர், பரிசில் உள்ள தம்பியின் பெயரில் வாங்கிவிட்டால் போதும் என்றார். தம்பிக்குப் பிள்ளைகள் இல்லாமல் அது பின்னொரு காலத்தில் பெறாமகனுக்குச் சேர்ந்தால், சிறு விலக்களிப்பு ஒன்றைத் தவிர்ந்த பெறுமதியில் 55 வீதம் வாரிசு வரியாகப் போகும் என்று சொன்னபோது அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். இங்கிருந்து பணம் அனுப்புவதும் 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கும் அதன் கீழான கட்டளைகளுக்கும் உட்பட்டது. தொடர்மாடி வீட்டை விற்பனைக்கு விடும் முன்னர் வங்கியில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மருமகன் அந்த வளவை விற்கப்போவதில்லை. அவருக்கு அந்த வாழ்க்கை பிடித்திருக்கிறது, அவர் அங்கேயே இருக்கிறார். இத்தகைய கட்டுரைகளை இனி வெளியிடும்போது, விலையோடு பராமரிப்புச் செலவையும் வாடகைக்குப் போகும் வாரங்களையும் எழுத்தாளரிடம் கேட்டு வாங்கித் தாங்கள் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தினர் இன்னமும் ஆசையை விடவில்லை. அவர்கள் காட்டிய விற்பனை விளம்பரத்தில் பதினான்கு படங்கள் இருந்தன. மலக்குழி அறிக்கையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதைக் கேட்டு முகவருக்கு எழுதச் சொன்னேன். மூன்று கிழமையாகியும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.