குடிக்கத் தண்ணிக்கு என்ன பண்றேன்னு கேட்டிருந்தே

ஃப்ளாக்ஸ்டாஃப், அரிசோனா
பொங்கல் கழிஞ்ச ஆறாம் நாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கு நலம். நீ, அய்யா, அக்கா, அத்தான், பிள்ளைகள், தம்பி எல்லாரும் நலமா இருக்கணும்னு வேண்டிக்கிறேன்.

உன் கடுதாசி வந்து 26 நாள் ஆச்சு. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்னே பொங்கலும் போயிருச்சு. "போன்ல நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னுட்டு வச்சுர்றா, எனக்குக் காதும் கேக்கல, ஒழுங்கா ஒரு கடுதாசி போடச் சொல்லு அந்தக் கழுதைய"ன்னு நீ சொல்லச் சொல்ல அக்கா ஒரு எழுத்து விடாம எழுதியிருக்கா. கழுதை கூட இருக்கு.

நாலு பக்கத்துல நீ கேட்டிருக்கிற முதல் கேள்வி சாப்பிட்டியான்னு இல்ல, சம்பளம் எவ்வளவுன்னு இல்ல. அந்த வண்டி வீட்ல குடிக்கத் தண்ணிக்கு என்ன பண்றேன்னு. நம்ம சீமைப் பொம்பளை வேற என்னத்தக் கேப்பா? தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்னு சர்க்கார் ஆபீசுல மிரட்டுவாங்களே, அந்தக் காட்டுலேருந்து வந்தவ நான். அதனால தண்ணிக் கதையையே முதல்ல சொல்லிர்றேன்.

வீடுன்னா 24 அடி நீளம், நம்ம மாட்டுக் கொட்டகை அளவு. அடியில சக்கரம், முன்னால கொக்கி. பிக்கப் வண்டியில மாட்டி இழுத்துட்டுப் போகலாம். நான்தான் ஓட்டுறேன், அய்யாகிட்ட சொல்லு. உள்ள கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. 13 வாரத்துக்கு ஒரு ஆஸ்பத்திரின்னு ஊர் ஊரா வேலை பாக்குற என்ன மாதிரி நர்சுங்க நிறைய பேரு இப்படித்தான் இருக்காங்க. வாடகை மிச்சம். மேலத்தெரு அத்தை கேட்டா வீடு சொந்த வீடுன்னே சொல்லு, பொய் இல்லையே.

இதுக்குள்ள தண்ணி வர்றதுக்கு ரெண்டு வழி. இடத்துக்காரன் நட்டு வச்சிருக்கிற குழாயில ஹோஸ் மாட்டினா நேரா உள்ள வந்துரும். இல்லாட்டி கட்டிலுக்கு அடியில இருக்கிற தொட்டி. 40 காலன், நம்ம கணக்குல 150 லிட்டர், பத்துப் பன்னெண்டு குடம். வெயில் காலத்துல ஹோஸே போதும். இப்ப ராத்திரி மைனஸ் 8, மைனஸ் 10ன்னு போகுது. ஹோஸுக்குள்ள தண்ணி கட்டியாகி ஹோஸே வெடிச்சுரும். அதனால மத்தியானம் வெயில் அடிக்கிறப்போ தொட்டியை நெரப்பிட்டு, ஹோஸைக் கழட்டி, வடிச்சு, உள்ள வச்சுருவேன். அப்புறம் பேட்டரியில ஓடுற சின்ன மோட்டார் ஒண்ணு தொட்டியிலேருந்து இழுத்துக் குடுக்கும். நடுராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சுக் குழாயைத் திறந்தா கட்டிலுக்கு அடியில டர்ர்ர்னு கிளம்பும். முதல் வாரம் அதுக்கே பயந்தேன்.

தொட்டி நம்ம சின்டெக்ஸ் மாதிரி பிளாஸ்டிக்தான். ஆனா மூடியைத் திறந்து கையை விட்டுத் தேய்க்க முடியாது. வெளிச் சுவத்துல ஹோஸ் நுழையுற அளவுக்கு ஒரு வாய், அதுக்கு ஒரு பூட்டு, அவ்வளவுதான். நம்மூர்ல எட்டிப் பாத்தா பாசி தெரியும், செத்த பல்லி தெரியும். இதுல எதுவும் தெரியாது. நாக்குல பட்டாத்தான் தெரியும்.

(அக்கா, இந்தப் பத்தியை அம்மாவுக்கு வாசிக்காத. புரட்டாசி கடைசியில எனக்கு நாலு நாள் வயித்தால போச்சு. வண்டியைப் பழசா வாங்கினேனே, வாங்கின அன்னிக்கே தொட்டியைக் கழுவியிருக்கணும். நான் என்ன பண்ணேன்னா கடையில ஒரு கரி ஃபில்டர் வாங்கி ஹோஸ்ல மாட்டினேன். குளோரின் வாடை சுத்தமா போயிருச்சு, தண்ணி கற்கண்டா இருந்துச்சு. அந்த வாடைதான் தொட்டிக்குக் காவல்காரன்னு பி.எஸ்சி. நர்சிங் படிச்சவளுக்குப் புத்தியில உறைக்கல. காவல்காரனை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டு, வெறும் தண்ணியை உள்ள விட்டேன். நடுவுல ரெண்டு வாரம் கூட வேலை பாக்குற பிள்ளை வீட்டுல தங்கிட்டேன். திரும்பி வந்து, தேங்கிக் கிடந்த அந்தத் தண்ணியிலயே டீ போட்டுக் குடிச்சேன், அதுவும் சரியா கொதிக்க விடாம. தனியா எந்திரிச்சு எந்திரிச்சுப் படுத்தேன். இப்ப ஒண்ணும் இல்ல. அம்மாவுக்குத் தெரிஞ்சா திரும்பி வந்துரும்பா.)

பக்கத்து வண்டியில ஒரு தாத்தா இருக்காரு. எழுபது தாண்டியிருக்கும். பனி கொட்டுறப்பவும் அரை டிரவுசர்தான், தலையில மட்டும் கம்பளித் தொப்பி. காலைல எந்திரிச்சு வந்து ஹோஸைக் குச்சியால தட்டித் தட்டிப் பாப்பாரு, எங்கயாச்சும் கட்டியாயிருக்கான்னு. தட்டும்போது அதுகிட்ட என்னமோ பேசுவாரு. மாடு மேய்க்கிற கண்டக்டர் சித்தப்பாவை அப்படியே நினைச்சுக்க.

அவர்தான் எனக்கு வாத்தியார். ஒரு நாள் நான் குடிதண்ணி ஹோஸைக் கீழ போட்டேன், அதோட வாய் சாக்கடைக் குழாய்க்குப் பக்கத்துல போய் விழுந்துருச்சு. அதைப் பாத்துட்டுக் கத்தினாரே ஒரு கத்து! நம்ம அப்பத்தா ஊருணிக் கரையில நின்னு, "எவடி அவ செருப்போட இறங்குறவ"ன்னு கத்துமே, அதே குரல். குடிக்கிற தண்ணிக்கு வெள்ளை ஹோஸ், அதுக்குன்னே விக்கிறது. கக்கூஸ் தொட்டியைக் கழுவ வேற நிறம், வேற பெட்டி. தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுற பச்சை ஹோஸை எடுத்துக் குடிதண்ணி பிடிக்கவே கூடாது. வேலை முடிஞ்சா வெள்ளை ஹோஸோட ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு சேத்துத் திருகி வச்சுருவாரு, பாம்பு தன் வாலைக் கவ்வுற மாதிரி. எறும்பு, சிலந்தி, மண்ணு எதுவும் உள்ள போகாது. இதை நானா யோசிச்சிருக்கவே மாட்டேன்.

தொட்டி கழுவுறதுக்கு நான் கடையிலேருந்து எலுமிச்சை வாசனை போட்ட பிளீச் வாங்கிட்டு வந்தேன். மூடியைத் திறந்து மோந்து பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம தன் வண்டிக்குள்ள போயி வாசனை போடாதது ஒரு கேன் எடுத்துட்டு வந்தாரு. 15 காலனுக்குக் கால் கப்னு கணக்கு. என் தொட்டிக்கு 160 மில்லி வரும். ஆஸ்பத்திரியில மருந்து அளக்குற கப்புலயே அளந்தேன். ஒரு வாளித் தண்ணியில கரைச்சு ஊத்தி, மேல வரைக்கும் நெரப்பி, சமையக்கட்டு, குளிக்கிற இடம், கக்கூஸ்னு ஒவ்வொரு குழாயையும் பிளீச் வாடை வர்ற வரைக்கும் திறந்து விட்டோம். வெந்நீர்த் தொட்டிக்கு மட்டும் வழியை அடைச்சாச்சு. ராத்திரி முழுக்க அப்படியே ஊறவிட்டு, காலைல வடிச்சு, நெரப்பி, வடிச்சு, மறுபடி நெரப்பி, வாடை போற வரைக்கும். கை விரல் விறைச்சுப் போச்சு. கடைசியில ஒரு துண்டு டேப்புல தேதி எழுதி வாய் மூடியில ஒட்டினாரு. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பண்ணணுமாம், நடுவுல ரொம்ப நாள் தேங்கிட்டா அப்பவும் பண்ணணுமாம். இப்ப கரி ஃபில்டர் ஹோஸ்ல இல்ல, சமையக்கட்டுக் குழாயில இருக்கு. தொட்டிக்குள்ள காவல் இருக்கும், டம்ளர்ல வாடை இருக்காது. கூலியா ரசம் வச்சுக் குடுத்தேன். காபிக் கோப்பையில வாங்கிக் குடிச்சுட்டு மூக்கைச் சிந்திக்கிட்டே இன்னொண்ணு கேட்டாரு.

சாப்பாட்டைப் பத்தி நீ கவலைப்படாத. இந்த ஊரு ஏறக்குறைய 7000 அடி உயரம், பத்தாவது படிக்கிறப்போ பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போன கொடைக்கானல் எவ்வளவு உயரமோ அவ்வளவு. 93 டிகிரியிலயே தண்ணி கொதிச்சுருது, அதனால சட்டியில வச்சா சோறு நட்டு நட்டா நிக்கும், துவரம்பருப்பு ராத்திரி வரைக்கும் முழுசா மிதக்கும். குக்கர் இருந்தாத்தான் பொழைப்பு. குடிக்கத் தண்ணி கொதிக்க வைக்கிறதுன்னா கூட மத்த ஊருக்கு ஒரு நிமிஷம், இந்த உயரத்துக்கு மூணு நிமிஷம். குளிரும் பழகிருச்சு. ராத்திரி ஹீட்டரைக் கொஞ்சம் குறைச்சு வச்சு ரெண்டு கம்பளி போத்திக்கிட்டா தூக்கம் நல்லாவே வருது.

நம்மள மாதிரி தண்ணிக்கு அலையுற சனம் இங்கயும் உண்டும்மா. இந்த ஊருக்கு வடக்கேயும் கிழக்கேயும் நவஹோன்னு பூர்வகுடி மக்களோட சீமை. அங்க 100க்கு 30 வீட்டுக்கு இன்னும் குழாய் கிடையாதும்பாங்க. பிக்கப் வண்டியில பெரிய பிளாஸ்டிக் தொட்டியை ஏத்திக்கிட்டுப் பல மைல் போயி நெரப்பிட்டு வருவாங்க. பக்கத்துலயே கிணறு இருந்தாலும் சிலதைத் தொட முடியாது, அந்தக் காலத்துல யுரேனியம் தோண்டின பூமி. என் வார்டுல ஒரு அப்பத்தா இருந்துச்சு. மயக்கம் தெளிஞ்சதும் பேத்திகிட்ட ஒண்ணு கேட்டுச்சு. என்ன கேட்டுச்சுன்னு அந்தப் பிள்ளை எனக்கு இங்கிலீஷ்ல சொன்னா. "ஆட்டுக்குத் தண்ணி யாரு வச்சா?" நான் திரும்பி நின்னு ட்ரிப்பைச் சரி பண்ற மாதிரி நின்னுக்கிட்டேன்.

இந்த ஊருக்கு நடுவுல ரயில் பாதை போகுது. ராவு பகலா கூட்ஸ் வண்டி ஒண்ணு மாத்தி ஒண்ணு தடதடன்னு போகும். தூக்கக் கலக்கத்துல பரமக்குடி ஸ்டேஷன்னு நினைச்சுக்குவேன். அப்படி முழிச்சா அப்புறம் தூக்கம் வராது. ஐப்பசி மழை பேஞ்சு புதுத் தண்ணி வந்ததும் ஊருணியிலேருந்து நீ கொண்டு வருவியே, செக்கச்செவேல்னு. அப்பத்தா தேத்தாங்கொட்டையை எடுத்துப் பானையோட உள்பக்கத்துல சரக் சரக்குனு உரசும். நாங்க விளக்கைப் பிடிச்சுக்கிட்டு எப்ப தெளியும்னு பாத்துக்கிட்டே தூங்கிப்போவோம். காலைல கண்ணாடியா நிக்கும், மண் வாசனை மட்டும் இருக்கும். அம்மா, இங்க தண்ணிக்கு ஒரு வாசனையும் கிடையாது. அப்படித்தான் இருக்கணும், எனக்குத் தெரியும். ஒரு குடம், ஒரே ஒரு சொம்பு கிடைச்சாப் போதும்னு இருக்கு.

சரி, அது கிடக்கட்டும். நீ எழுதின மத்த சமாச்சாரத்துக்கு வர்றேன்.

காவேரித் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கத்தான் வருதுன்னும், வண்டித் தண்ணி குடம் 10 ரூபாய்னும் எழுதியிருக்கே. விலை குடுத்து வாங்கின தண்ணியைப் பாசி பிடிச்ச தொட்டியில ஊத்திராத. மாடியில இருக்கிற 500 லிட்டர் சின்டெக்ஸை அய்யா கடைசியா எப்பக் கழுவுனாருன்னு எனக்கே நினைவில்ல. தம்பியை ஏறச் சொல்லு. முதல்ல வடிச்சுட்டுத் தேய்க்கணும். பஞ்சாயத்துத் தொட்டிக்குப் போடுற பிளீச்சிங் பவுடர் வாங்கி, செட்டியார் கடைத் தராசுல 80 கிராம் நிறுத்துக்கங்க. வாய் கட்டாமக் கிடந்த பவுடர் வேணாம், வீரியம் போயிருக்கும். பிளாஸ்டிக் வாளியில கரைச்சு, தெளிய விட்டு, மேல் தண்ணியை மட்டும் தொட்டியில ஊத்தி நெரப்பணும். எல்லாக் குழாயையும் ஒருக்கத் திறந்து மூடிட்டு நாலு மணி நேரம் விடணும். அப்புறம் முழுசா வடிச்சு, நல்ல தண்ணியில அலசணும். அந்தத் தண்ணியை யாரும் குடிச்சுரக் கூடாது, ஆடு கோழிக்கும் ஆகாது. கக்கூஸ் கழுவுற ஆசிட், வினிகர் எதையும் அதோட கலக்கவே கூடாதுன்னு தம்பிகிட்ட ரெண்டு தடவை சொல்லு, புகை கிளம்பி நெஞ்சை அடைச்சுரும். அவன் ஒரு தடவை சொன்னாக் கேக்க மாட்டான்.

கண்மாய்க்கரை 40 சென்டை வித்து போர் போடலாம்னு அவன் சொல்றானாம். போர் போட்டு உப்புத் தண்ணி வந்தா நிலமும் போச்சு, காசும் போச்சு. வடக்குத் தெருவுல மூணு பேருக்கு அப்படித்தானே ஆச்சு? நான் வர்ற வரைக்கும் அய்யா எந்தக் காயிதத்துலயும் கைநாட்டு வைக்க வேணாம்.

அக்கா மகள் சடங்கு மாசியிலன்னு எழுதியிருக்கே. மாமன் சீரு தம்பி செய்யட்டும், நகை நான் போடுறேன்னு சொன்னது சொன்னதுதான். இந்த மாசம் பாதிதான் அனுப்பியிருக்கேன், பேங்குல ஏதோ தாமதம். மீதி மாசிக்குள்ள வந்துரும். இங்க 13 வாரம் முடிஞ்சிருச்சு. இப்ப மூணு வாரமா ஓய்வுதான், நானாக் கேட்டு வாங்கினது. அடுத்த ஊருக்குப் பேசிக்கிட்டிருக்கேன், ரெண்டு மூணு இடத்துல கேட்டிருக்காங்க. பரமக்குடி மாமா சொன்ன வரனைப் பத்தி இப்ப எழுத நேரமில்ல.

மேலத்தெரு அத்தை மகன் அடுத்த மாசம் டல்லாஸ் வர்றானாம். அவன்கிட்ட முண்டு வத்தலைப் பொடிச்சு அரைக் கிலோ குடுத்து விடு, பார்சல்ல எனக்கு அனுப்பிருவான். தேத்தாங்கொட்டை வேணாம், விதைன்னு சொல்லிப் பிடுங்கிருவாங்க.

அய்யா கண்ணுக்கு எந்தத் தேதி குடுத்தாங்கன்னு உடனே எழுது.

இப்படிக்கு,
உன் சின்ன மகள்

பி.கு.: தொட்டி கழுவுற அன்னிக்கு முதல் வேலையா ரெண்டு குடம் பிடிச்சு மூடி வச்சுக்க. அன்னிக்குன்னு பாத்துத் தண்ணி வராது.