ஆண்டறிக்கை: இருவேறு இனத்து இணையர், திரையில் இருவேறு நியாயம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், திரைப்படச் சங்க உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இவ்வாண்டுத் திரையிடல்கள் ஒரே பொருளைச் சுற்றி அமைந்தன. இருவேறு இனத்தைச் சேர்ந்த காதலர்களைத் திரைப்படம் எப்படி நடத்துகிறது, பார்க்கிறவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதே அந்தப் பொருள். மாதம் ஒரு படம், முடிந்ததும் ஒரு மணி நேரக் கலந்துரையாடல். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதலில் ஒரு சொல்

வசனவரி எழுதும் குழு தொடக்கத்திலேயே ஒரு சொல்லில் நின்றுவிட்டது. இருவேறு இனத்தார் கலப்பதைக் குறிக்கும் 'மிசெஜெனேஷன்' என்பதைத் தமிழில் எப்படிப் போடுவது? அது 1863 டிசம்பரில் நியூயார்க்கில் வெளிவந்த, ஆசிரியர் பெயரில்லாத ஒரு சிறு வெளியீட்டில் பிறந்த சொல். அடிமை ஒழிப்பை ஆதரிப்பவர்கள் எழுதியதுபோல் வேடமிட்டு, 1864 தேர்தலில் லிங்கனின் கட்சிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தர இரண்டு பத்திரிகையாளர்கள் செய்த போலி வெளியீடு அது. அச்சமூட்டவே உருவாக்கிய சொல் பிறகு சட்டப் பேச்சிலும் தணிக்கை விதியிலும் இயல்பான சொல்லாகக் குடியேறிவிட்டது. தமிழில் 'கலப்பினம்' என்றால் மாடும் விதையும்தான் நினைவுக்கு வருகின்றன. 'கலப்புத் திருமணம்' சாதியைக் குறிக்கவே நிலைத்துவிட்டது. ஆகவே பழைய விதியை அப்படியே எடுத்துக்காட்டும் இடத்தில் மட்டும் 'இனக்கலப்பு' என்றும், மற்ற எல்லா இடத்திலும் 'இருவேறு இனத்து இணையர்' என்றும் எழுதினோம். வரி நீண்டால் 'இணையர்' மட்டுமே போதும்.

பதிவுத்தாள்

'இந்தப் படத்தில் இப்படி ஒரு ஜோடி இருக்கிறதா' என்று கேட்டு அதற்காகவே பாராட்டிவிடுவது பழைய வழக்கம். அதனால் ஒன்றும் தெரியவராது. ஜோடி சேர்வதற்கு யார் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று கேட்டால்தான் தெரியும். அதற்காக 8 பத்திகள் கொண்ட தாள் ஒன்று தயாரித்தோம். பாத்திரத்தின் இனம், நடிப்பவரின் இனம், முதலில் நெருங்குவது யார், தொடுதல் (கையா, அணைப்பா, முத்தமா, எத்தனை விநாடி), காமிரா எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, தன் தகுதியை நிரூபிக்க வேண்டியவர் யார், எதிர்ப்பவர் யார், முடிவு என்ன (சேர்தலா, பிரிதலா, சாவா).

ஒவ்வொரு படத்துக்கும் இருவர் தாள் நிரப்ப வேண்டும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. விநாடிக் கணக்கில் இரண்டுக்கு மேல் வேறுபாடு வந்தால் காட்சியை மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கலந்துரையாடலின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஆணின் இனத்தைப் பெண்ணுக்கும், பெண்ணின் இனத்தை ஆணுக்கும் மாற்றிப் போட்டால் இதே திரைக்கதை நிற்குமா?

இந்த முறை பிசகும் இடங்களையும் குறித்துவைக்கிறோம். நினைவிலிருந்து நிரப்பிய தாள் பயன்படாது, ஏனென்றால் இல்லாத முத்தத்தை மனம் தானே சேர்த்துக்கொள்கிறது. வெட்டப்பட்ட பிரதி இன்னும் மோசம். முதலில் வெட்டப்படுவது நாம் எண்ண வந்த அந்த விநாடிகள்தான். ஆகவே ஓட்டுவதற்கு முன் ஓடும் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' 108 நிமிடம் இருக்க வேண்டும். மூன்றாவது பிசகு, காலம் வேறான இரண்டு படங்களை ஒப்பிடுவது. 1934 முதல் அமெரிக்கப் படத்தில் எல்லோருடைய முத்தத்துக்கும் கட்டுப்பாடு இருந்தது. அந்தக் காலத்து இணையரை அந்தக் காலத்து வெள்ளை இணையரோடுதான் ஒப்பிட வேண்டும்.

விதி எப்படி வேலை செய்தது

ஹாலிவுட் தயாரிப்பாளர்கள் 1927-இல் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட 11 'கூடாது'களில் 6-ஆவது, இனக்கலப்பு. 1930-இல் எழுதிய தயாரிப்பு நெறிமுறையிலும் அது ஏறியது. 1934 முதல் முன்ஒப்புதல் இல்லாமல் பெரிய நிறுவனங்களின் படம் வெளிவர முடியாத நிலை வந்தது. 1956 திருத்தத்தில்தான் அந்தத் தடை நீங்கியது.

எழுத்தில் இருந்தது வெள்ளையர், கறுப்பர் உறவு மட்டுமே. நடைமுறை அதைவிடப் பரந்தது. விதி கண்காணித்தது கதையை மட்டுமல்ல, நடிக்கும் உடலையும்தான். அதனால்தான் தாளில் பாத்திரத்துக்கும் நடிகருக்கும் தனித்தனிப் பத்தி. 'பிங்கி' (1949) படத்தில் வெள்ளைப் பெண்போல் தோன்றும் கறுப்புப் பெண் ஒரு வெள்ளை மருத்துவரைக் காதலிக்கிறாள். அந்த வேடத்தில் ஜீன் கிரெய்ன் என்ற வெள்ளை நடிகை இருந்ததால் அணைப்பும் முத்தமும் தடையின்றி வந்தன. 1951-இன் 'ஷோ போட்' படத்திலும் கலப்புக் குருதி கொண்ட ஜூலியாக நடித்தவர் வெள்ளை நடிகை ஏவா கார்ட்னர். 'தி குட் எர்த்' (1937) இன்னும் கசப்பானது. கதையில் கணவனும் மனைவியும் சீனர்கள். கணவன் வேடம் வெள்ளை நடிகர் பால் முனிக்குப் போனதும் மனைவி வேடமும் வெள்ளை நடிகை லூயிஸ் ரெய்னருக்குப் போயிற்று, ரெய்னருக்கு ஆஸ்காரும் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த சீன வம்சாவளி நட்சத்திரம் அன்னா மே வாங்குக்கு அந்த வேடம் எட்டவில்லை.

ஒரே படத்தில் இரண்டு ஜோடி

இவ்வாண்டின் மிகப் பயனுள்ள பாடம் இதுதான். இரட்டை நியாயத்தைக் காண வெவ்வேறு படங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே இயக்குநர், ஒரே தணிக்கை, ஒரே ஆண்டு, இரண்டு ஜோடி என்று அமைந்த படத்தை எடுத்தால் சாக்குச் சொல்ல வழியில்லை.

'ஐலண்ட் இன் தி சன்' 1957-இல், நெறிமுறையின் தடை நீங்கிய மறு ஆண்டு வந்தது. டாரதி டான்ட்ரிட்ஜும் ஜான் ஜஸ்டினும் ஒரு ஜோடி: கறுப்புப் பெண், வெள்ளை ஆண். அவர்கள் ஆடுகிறார்கள், அணைத்துக்கொள்கிறார்கள், முடிவில் சேர்ந்து இங்கிலாந்துக்குப் புறப்படுகிறார்கள். ஹாரி பெலஃபான்டேயும் ஜோன் ஃபான்டேனும் மற்றொரு ஜோடி: கறுப்பு ஆண், வெள்ளைப் பெண். அவர்களுக்கு ஒரு முத்தம்கூட இல்லை, முடிவு பிரிவுதான். எழுதிய விதி போன பிறகும் எழுதாத விதி இருந்தது, அது ஆண் யார் பெண் யார் என்று பார்த்தே செயல்பட்டது.

அதே 1957-இல் 'சயோனாரா'. மார்லன் பிராண்டோ நடித்த வெள்ளைப் பாத்திரமும் ஜப்பானிய நடனக்காரியும் முடிவில் சேர்கிறார்கள். வெள்ளை ஆணாக ரெட் பட்டன்ஸும் ஜப்பானியப் பெண்ணாக மியோஷி உமேகியும் நடித்த இணை தற்கொலை செய்துகொள்கிறது, நடித்த இருவருக்கும் ஆஸ்கார் கிடைத்தது. மூன்றாவது இழையைப் பலர் கவனிப்பதில்லை. வெள்ளைப் பெண்ணொருத்தி ஜப்பானிய கபுகி நடிகர்பால் ஈர்க்கப்படுகிறாள். அந்த ஈர்ப்பு முத்தம்வரை போவதில்லை. கபுகி நடிகராக நடித்தவரோ மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொன்டல்பான். ஆசிய ஆணின் காதலைப் பாதி வழியில் நிறுத்தியதோடு அந்தப் பாதியையும் ஆசியரிடம் தரவில்லை.

இந்தத் திசை ஏன் இப்படி? 1662-இல் வர்ஜீனியா, பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்று சட்டம் செய்தது. அடிமைப் பெண்ணுக்கு வெள்ளை முதலாளியால் பிறந்த பிள்ளை அடிமையாகவே இருக்கும், முதலாளிக்குச் சொத்து கூடும். வெள்ளைப் பெண்ணுக்குக் கறுப்பு ஆணால் பிறக்கும் பிள்ளையோ அந்த ஏற்பாட்டையே உடைக்கும். ஆகவே ஓர் உறவைக் கண்டும் காணாமல் விட்டார்கள், மற்றதைக் குற்றமாக்கினார்கள். 1915-இன் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' கறுப்பு ஆணைத் துரத்துபவனாகவும் வெள்ளைப் பெண்ணைப் பாறையிலிருந்து குதிப்பவளாகவும் காட்டியது இந்த அச்சத்தைத்தான். அந்த ஆணாக நடித்தவரும் கரி பூசிய வெள்ளையரே.

திரும்பத் திரும்ப எழுந்த விவாதங்கள்

'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' குறித்து இரண்டு கூட்டங்கள் நடந்தன. 1967 ஜூன் 12 அன்று லவிங் எதிர் வர்ஜீனியா வழக்கில் இருவேறு இனத்தார் திருமணத்தைத் தடுக்கும் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது 16 மாநிலங்களில் அந்தத் தடைச் சட்டம் இருந்தது. படம் அந்த டிசம்பரில் வந்தது. அதன் துணிவை மறுக்க முடியாது. ஆனால் தகுதிப் பத்தியைப் பாருங்கள். வெள்ளைப் பெண்ணை மணக்க விரும்பும் கறுப்பராக சிட்னி பாய்ட்டியே நடித்த பாத்திரம் உலகறிந்த மருத்துவர். மனைவியையும் மகனையும் இழந்தவர். பெண்ணின் பெற்றோர் மனமார ஒப்பாவிட்டால் திருமணமே இல்லை என்று தானே சொல்கிறார். பெண்ணின் பக்கத்தில் அந்தப் பத்தி காலி. 23 வயது, நல்ல மனம், அவ்வளவுதான். படத்தின் முத்தமும் டாக்சி ஓட்டுநரின் கண்ணாடி வழியேதான் தெரிகிறது. மாற்றிப் போட்டுப் பார்த்தால் வெள்ளை மருத்துவருக்கு இத்தனை சான்றிதழும் தேவைப்படாது.

'சமூகத்தில் இருப்பதைத்தானே படம் காட்டுகிறது' என்ற வாதத்துக்கும் விடை கிடைத்தது. பியூ ஆய்வு மையத்தின் கணக்கில் 2015-இல் அமெரிக்காவில் புதிதாக மணந்த கறுப்பு ஆண்களில் 24 விழுக்காட்டினரும் கறுப்புப் பெண்களில் 12 விழுக்காட்டினரும் வேறு இனத்தவரை மணந்திருந்தார்கள். திரை நெடுங்காலம் எளிதாக அனுமதித்ததோ இதற்கு நேர் எதிரான ஜோடியை. 1992-இன் 'தி பாடிகார்ட்' படத்தில் வெள்ளையரான கெவின் காஸ்ட்னரும் கறுப்பரான விட்னி ஹூஸ்டனும் காதலிக்கிறார்கள், இனத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அடுத்த ஆண்டு 'தி பெலிக்கன் பிரீஃப்' படத்தில் கறுப்பரான டென்சல் வாஷிங்டனுக்கும் வெள்ளையரான ஜூலியா ராபர்ட்ஸுக்கும் இடையே காதல் காட்சியே இல்லை. ஆசியர்களில் பெண்கள் 36 விழுக்காடு, ஆண்கள் 21 விழுக்காடு என்பது அதே கணக்கு. 2000-இன் 'ரோமியோ மஸ்ட் டை' படத்தில் சீனரான ஜெட் லீயும் கறுப்பரான ஆலியாவும் அணைப்போடு முடிக்கிறார்கள், முத்தம் இல்லை. ஐந்தில் ஓர் ஆசிய ஆணுக்கு வாழ்க்கையில் நடப்பது திரையில் நடக்கவில்லை.

பார்வையாளரின் இரட்டை நியாயத்துக்கு நம் மொழியிலேயே ஒரு போர்வை உண்டு: 'ஜோடிப் பொருத்தம் இல்லை'. அப்படிச் சொல்பவர் எந்தக் காட்சி, எந்த வசனம், யாருடைய நடிப்பு என்று சுட்டிக்காட்ட வேண்டும் என விதி வைத்தோம். சுட்ட முடியாத கருத்து நடவடிக்கைக் குறிப்பில் ஏறாது. இந்த விதியால் விவாதத்தின் தரம் கண்கூடாக உயர்ந்தது.

நம் பக்கம்

இதைச் சுருக்கமாகவே பேசியது இவ்வாண்டின் குறை. 'லகான்' (2001) படத்தின் எலிசபெத் திருமணம் செய்யாமலே வாழ்கிறாள். 'மதராசபட்டினம்' (2010) படத்தின் ஏமி முதுமையில்தான் திரும்பி வருகிறாள். வெள்ளைப் பெண் நம் நாயகனை நேசிப்பது நமக்குப் பெருமை, சேர்வது மட்டும் கூடாது. நம் பெண் வெள்ளையரையோ கறுப்பரையோ நேசித்துச் சேரும் தமிழ்ப் படத்தை உறுப்பினர்கள் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மீரா நாயரின் 'மிசிசிப்பி மசாலா' (1991) இதை நேராகவே தொடுகிறது. 1972-இல் உகாண்டாவிலிருந்து ஆட்சியாளர் இடி அமீன் விரட்டிய இந்தியக் குடும்பத்தின் கதை அது. கார் விபத்து வழக்காகிவிடுமோ என்ற பயத்தில் 'நாமெல்லாம் ஒன்று' என்று கறுப்பரிடம் சொல்லும் உறவினர்கள், அதே மனிதரை மகள் காதலித்ததும் மாறிவிடுகிறார்கள். எதிர்ப்பவர் பத்தியில் நம்மவர் பெயரை எழுத நேர்ந்த கூட்டம் அது.

வரும் ஆண்டுக்கு

செயற்குழு மூன்று முன்மொழிவுகளைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறது. ஒன்று, முதல் ஆறு மாதமும் இந்தியப் படங்கள், அவற்றில் பாதியாவது தமிழ். இரண்டு, பதிவுத்தாளில் 9-ஆவது பத்தி: இந்த ஜோடி சேர யார் ஒதுக்கப்படுகிறார். 'தி பிக் சிக்' (2017) படத்தில் வெள்ளைப் பெண்ணைக் காதலிக்கும் பாகிஸ்தானிய நாயகனுக்குப் பெற்றோர் பார்த்த பெண்களின் புகைப்படங்கள் சுருட்டுப் பெட்டிக்குள் போவதைப் பார்த்த பிறகு இது தேவை என்று தோன்றியது. மூன்று, நிரப்பிய தாள்கள் எல்லாவற்றையும் படத்தின் பெயர், ஆண்டு, ஓடும் நேரம் குறித்துக் கோப்பாகக் கட்டி நூலகப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தல்.

தாள் நிரப்ப முன்வந்தவர்களுக்கும், வசனவரிக் குழுவுக்கும், திரையிடும் கருவியைக் கவனித்துக்கொண்டவர்களுக்கும் சங்கத்தின் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்