அக்காவுக்கு, ஒன்பது இருபதைப் பற்றி

அக்கா,

நாளை இரவு என் கடைசி ஷிஃப்ட். ராஜினாமா கொடுத்துவிட்டேன். இரவு நிகழ்ச்சியைச் சாயங்காலம் நாலு மணிக்கே பேசிப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போ என்கிறார்கள். நேயர்களுக்கு இரவு வணக்கம் சொல்லும்போது வெளியே வெயில் அடிக்கிறது.

இன்று பிப்ரவரி 13, உலக வானொலி நாள். 1946இல் ஐ.நா. வானொலி தொடங்கிய தேதி. கேக் வெட்டினார்கள். பழைய குழுப் படம் ஒன்றையும் போட்டார்கள், உங்கள் பாதித் தோள் மட்டும் தெரிந்தது. மீதியை வெட்டியது யார் என்று எழுதப்போவதில்லை. அவரும் இதைப் படிப்பார்.

அந்த ராத்திரி மணி ஒன்பது இருபது. நீங்கள் பிறந்தநாள் வாழ்த்து வாசித்துக்கொண்டிருந்தீர்கள். இலங்கை வானொலியில் ராஜேஸ்வரி சண்முகத்தைக் கேட்டு வளர்ந்த வாய், பெயரையும் ஊரையும் அவசரப்படாமல் சொல்லும். ராமேஸ்வரத்தில் சென்னையை விடக் கொழும்புதான் தெளிவாக விழும், கடலின் உப்புத் தண்ணீர் மீடியம் வேவ் வானொலி அலைகளை நன்றாகக் கடத்தும் என்று சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே.

லேண்ட்லைன் அடித்தது. உங்கள் தம்பி. "அம்மா போயிட்டாங்க. அக்காகிட்ட சொல்லிடுங்க."

ஸ்டுடியோவுக்குள் இருப்பவரிடம் பேசும் டாக்பேக் பொத்தான் மேல் விரலை வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் சிரித்தீர்கள். அறுபது வயதாகும் ஓர் அம்மாவுக்கு மகள் வாழ்த்து அனுப்பியிருந்தாள். அந்த அம்மா இட்லிக்கு மாவாட்டும்போதும் நம் ஸ்டேஷனைத்தான் வைப்பாராம். விரலை எடுத்துவிட்டேன். அடுத்த பாட்டு ஓடிய நாலரை நிமிடமும் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த பாட்டுக்கும்.

தனியார் பண்பலையில் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை என்று நாம் எத்தனை தடவை அலுத்துக்கொண்டிருப்போம். அன்று என்னிடம் ஒரு செய்தி இருந்தது. நாற்பது நிமிடம் வைத்திருந்தேன்.

மன்னித்துவிடுங்கள். ஆனால் சொல்லியிருந்தால் யார் உள்ளே போய் உட்கார்ந்திருப்பார்கள்? நான் ஒருத்திதான் இருந்தேன், அதுவரை தனியாக நேரலை செய்ததில்லை. பயந்தேன். அப்புறம், மைக் முன்னால் உட்கார்ந்தால் வீடு வெளியே நிற்கட்டும் என்றது யார்? இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜாவைச் சொல்வீர்கள். அந்த வேகத்துக்கும் உற்சாகத்துக்கும் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பதே அவரைக் கொன்ற பிறகுதான் பலருக்கு உறைத்தது என்பீர்கள். அதைப் பெருமையாகத்தான் சொன்னீர்கள். நான் நம்பினேன்.

என் கல்யாணம் முறிந்த வாரம் என்னைத்தானே காதல் பாட்டு ஸ்பெஷலுக்கு எழுதிக்கொடுக்கச் சொன்னீர்கள்? "குரல் கம்முது, தண்ணி குடி" என்றீர்கள். அவ்வளவுதான். அது பயிற்சி, நான் செய்தது துரோகமா?

உங்கள் ஷிஃப்டுக்கு ஆசைப்பட்டுத்தான் மறைத்தேன் என்று சொன்னீர்களாம். ஷிஃப்ட் எனக்கு வந்தது உண்மை. கேட்டு வாங்கவில்லை. கொடுத்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய நாள் மேலிடத்து அறையில் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது. அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

தண்ணீர் சொம்பை இன்னும் மைக்குக்கு இடது பக்கம்தான் வைக்கிறேன், வலது கை ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரில் இருக்க வேண்டும் என்பதால். புதுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு ஃபேடரே தேவையில்லை.

சரி, எழுத வந்தது வேறு. அன்றைய ஒரு மணி நேரப் பதிவை மறுநாளே பென் டிரைவில் எடுத்துவைத்தேன். நாளைக்கு என் மேசையைக் காலி செய்கிறேன். உங்களுக்கு வேண்டுமென்றால் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன், நேரில் வர மாட்டேன். ஒன்பது இருபது வரைக்கும் நிறைய தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் போட்டதில்லை.