டெங்கு என்றால் பிளேட்லெட் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் டெங்கு கட்டுரையைப் படித்தேன். கொசு ஒழிப்பைப் பற்றி விரிவாக எழுதியிருந்தது நல்ல விஷயம். ஆனால் ஆபத்து என்று வந்ததும் கட்டுரை பிளேட்லெட் எண்ணிக்கையோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

என் தம்பிக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பிளேட்லெட்டும் ஏறத் தொடங்க, கண்டம் தாண்டியாயிற்று என்று நிம்மதியானோம். எட்டாம் நாள் காலையில் செய்தித்தாளை எடுத்தவன், "அக்கா, நான் பார்க்கிற இடத்துல மட்டும் எழுத்து அழிஞ்சு தெரியுது" என்றான். தாளை இப்படியும் அப்படியும் நகர்த்தினான். கண் போன இடமெல்லாம் அந்த மங்கலும் கூடவே போனது. அசதிதான், தூங்கினால் சரியாகிவிடும் என்று சொன்னது நான்தான். இரண்டு நாள் வீணாயிற்று. விழித்திரையின் நடுப்பகுதியை டெங்கு பாதித்திருக்கிறது என்று கண் மருத்துவர் சொன்னபோதுதான் விளங்கியது. பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. இடது கண்ணில் மட்டும் சின்ன நிழல் ஒன்று இன்னும் இருக்கிறது.

கண் மட்டுமல்ல. அரிதாக மூளையிலும் இதயத் தசையிலும் அழற்சி வரலாம், கல்லீரல் செயலிழக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, இத்தகைய உறுப்புப் பாதிப்பையும் தீவிர டெங்கு என்றே வகைப்படுத்துகிறது. இன்னொன்றும் உண்டு: ஒரு வாரம் தாண்டியும் காய்ச்சல் விடாமல், எல்லா ரத்த அணுக்களும் சேர்ந்து குறைந்துகொண்டே போனால், நோயை எதிர்க்க வேண்டிய அணுக்களே நம் ரத்த அணுக்களை விழுங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை இதற்குத் துப்புக் கொடுக்கும்.

இவை அரிது, சரி. ஆனால் அடிக்கடி உயிருக்கு உலை வைப்பது காய்ச்சல் இறங்கும் நேரம்தான். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசிகிறது. ரத்தம் கெட்டியாகி, பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறது. உடம்பு தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். வீட்டார் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவது, கை கால் சில்லிடுவது, காரணமில்லாத பதற்றம் அல்லது அரைமயக்கம், இதில் ஒன்று தெரிந்தாலும் பிளேட்லெட் எத்தனை என்று பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். அவை ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

அடுத்த இதழில் இந்த அறிகுறிகளை, கண் மங்குவதையும் சேர்த்து, ஒரு கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டி வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி