கார்ட் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் கொடி பிடி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகள் வாடகைக் கார்ட்டில், அதாவது நாம் ஓட்டிய அந்தக் குட்டிப் பந்தய வண்டியில், ஏறி இறங்கியதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை, சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் மகள் வேறு எப்படி இருப்பாள்? கல்யாணத்துக்கு முந்தின வாரம் விலா எலும்பில் விரிசலோடு வந்து நின்றவன்தானே நீ.

இப்போதைக்கு வாங்காதே. ஏன் என்று சொல்கிறேன். ஆனால் நீ போன பிறகு நம் கிளப்பில் நடந்ததை முதலில் சொல்லியாக வேண்டும். காரணம் அதற்குள்தான் இருக்கிறது.

நாம் ஓட்டிய 100 சிசி டூ-ஸ்ட்ரோக் வகுப்பு இன்று இல்லை. யாரும் தடை போடவில்லை, தானாகத் தேய்ந்து போனது. ஒருவர் இன்ஜினை வெளியே கொடுத்து, வேகம் கூட உள்ளே வாயு போகும் வழிகளைச் செதுக்கும் போர்ட் வேலை பார்த்துக்கொண்டு வந்தார், நேர்பாதையில் எல்லோரையும் அநாயாசமாகத் தாண்டினார். அடுத்த பந்தயத்துக்குள் இன்னும் நாலு பேர் அதே ஆளிடம் போய் நின்றார்கள். பிறகு தகுதிச் சுற்றுக்கு ஒரு இன்ஜின், பந்தயத்துக்கு ஒரு இன்ஜின் என்று ஆனது. காசு உள்ளவர்கள் முன்வரிசைக்குப் போனார்கள், மற்றவர்கள் ஒவ்வொருவராக வண்டியை விற்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கடைசியில் தொடக்க வரிசையில் நாலைந்து வண்டிதான். அதில் மூன்றாவதாக வந்து கோப்பையோடு வீட்டுக்குப் போனால் எத்தனை பேர் ஓடினீர்கள் என்று பிள்ளைகள் கேட்டுவிடுகிறார்கள்!

கிளப்பைத் தூக்கி நிறுத்தியது சீல் வைத்த இன்ஜின். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 206 என்ற ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். தொழிற்சாலையிலேயே சீல் போட்டு வருகிறது. திறந்தால் சீல் உடையும், சீல் உடைந்த இன்ஜினுக்குப் பந்தயத்தில் இடமில்லை. நிமிடத்துக்கு 6,100 சுற்றுக்கு மேல் போகவும் போகாது. 15,000-ஐத் தாண்டிக் கத்தும் இன்ஜின்களோடு வளர்ந்த ஆட்கள் இதைப் பார்த்துப் புல்வெட்டி என்று சிரித்தார்கள். எனக்கு அதில் குறையாகச் சொல்ல ஒன்றும் தெரியவில்லை. 1956-இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் முதல் கார்ட்டைக் கட்டியதே, மிஞ்சிப்போன ஒரு புல்வெட்டி இன்ஜினை வைத்துத்தானே! மனிதருக்கு வேலையே ரேஸ் கார் கட்டும் பட்டறையில். அப்படிப்பட்டவர் தன் பொழுதுபோக்குக்கு நாலு குழாயை வளைத்துப் பற்றவைத்து, பசடீனாவில் ரோஸ் பவுல் மைதானத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் ஓட்டிப் பார்த்தார். பார்த்தவர்கள் எல்லாம் எனக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். எட்டே வருடத்தில், 1964-இல், இதற்கு உலக சாம்பியன்ஷிப் வந்துவிட்டது. காசு கூடக் கூட ஆட்கள் குறைவதும், யாராவது மலிவான இன்ஜினைக் கொண்டுவந்து திரும்ப ஆள் சேர்ப்பதும் இந்த விளையாட்டில் அன்றிலிருந்து நடக்கிறது. டூ-ஸ்ட்ரோக்தான் வேண்டும் என்பவர்களுக்கு ரோட்டாக்ஸ் மேக்ஸ் என்ற இன்ஜின் இருக்கிறது. 125 சிசி, அதிலும் சீல்தான். ஆனால் நம் கிளப்பில் அந்த வகுப்பு மெலிந்துதான் இருக்கிறது. 206-இல்தான் தொடக்க வரிசை கடைசி வளைவுவரை நிற்கிறது.

சீல் போட்டதும் சண்டை ஓய்ந்துவிட்டது என்று நினைக்காதே. வண்டியின் சட்டமான சேசிஸுக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். வண்டிகளைத் தயார் செய்யும் பிட்டில் எவனைப் பார்த்தாலும் கையில் காற்றளவு பார்க்கும் கேஜ். நீயும் நானும் அடிக்கடி வாதம் செய்வோமே, அதே விஷயம்தான்: பின்னால் ஒரே அச்சு, இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் கிடையாது, சஸ்பென்ஷனும் கிடையாது, அப்புறம் வண்டி எப்படித் திரும்பும்? ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வான காஸ்டர் கோணத்தால் உள்பக்க முன் சக்கரம் கீழே அழுந்துகிறது. கால் ஆடும் மேசையைப் போலப் பாரம் ஒரு மூலைவிட்டத்தில் போய் உட்கார, உள்பக்கப் பின் சக்கரம் தரையிலிருந்து ஒரு மயிரிழை எழும்புகிறது. எழும்பினால் வண்டி வளைவில் லேசாகத் திரும்பும். எழும்பாவிட்டால் மூக்கு வெளியே தள்ளும், இன்ஜின் திணறும். பலம் குறைந்த இன்ஜினுக்கு அந்தத் திணறலிலிருந்து மீள்வதற்குள் நேர்பாதை பாதி முடிந்துவிடும். டூ-ஸ்ட்ரோக்கில் இந்தத் தப்பையெல்லாம் இன்ஜின் மறைத்துவிடும். 206 மறைக்காது. அதனால்தான் இது ஓட்டுவதற்குக் கஷ்டமான வண்டி என்று அடித்துச் சொல்வேன், சிரித்தவர்கள் சிரிக்கட்டும்.

இதில் இன்னொரு கூத்து, தடம் ஒரே நாளில் மாறிக்கொண்டே போவது. காலையில் வழுக்கும். மதியத்துக்குள் டயர் ரப்பர் படிந்து பிடிப்பு ஏறிவிடும். பயிற்சிச் சுற்றில் அமைதியாக ஓடிய வண்டி கடைசிப் பந்தயத்தில் வளைவு நடுவில் தத்தித் தத்திக் குதிக்கும். அரை பிஎஸ்ஐ காற்றை இறக்குவதா, பின் சக்கரங்களின் அகலத்தைக் கூட்டுவதா, இருக்கையின் தாங்குகம்பியைக் கழற்றுவதா என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஓட்டுகிறவரின் எடையே மொத்த எடையில் கிட்டத்தட்ட பாதி என்பதால், முன்னால் சாய்ந்து உட்காராதே என்று சொல்லும் கிழவர்தான் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறார்.

அந்தக் கிழவரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர், உனக்குத் தெரியாது. போன பந்தய நாளில் இறுதிப் பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் மழை. எல்லோரும் அவசர அவசரமாக முன் சக்கரங்களை அகட்டி, பின் சக்கரங்களை உள்ளே தள்ளி, மழை டயர் மாட்டிக் காற்றை ஏற்றினோம். காய்ந்த நாளில் பிடிப்பு கொடுத்த அந்த ரப்பர் படிந்த கோடுதான் ஈரத்தில் எண்ணெய் தடவினாற்போல ஆகிவிடும். இளவட்டங்களுக்கு அது புத்தியில் தெரியும், கை கேட்காது. பழகிய கோட்டிலேயே போய் ஒவ்வொருவராகச் சுழன்று நின்றார்கள். கிழவர் மட்டும் வளைவின் வெளி ஓரத்தை ஒட்டிக்கொண்டு, யாரும் ரப்பர் பூசாத கரடுமுரடான பகுதியில் சுற்றிச் சுற்றி வந்தார். பார்க்க அசிங்கமான ஓட்டம். ஆனால் பின்வரிசையில் தொடங்கியவர் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். நான் எங்கோ நடுவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் தராசு. வண்டியும் ஆளும் சேர்த்து வகுப்புக்கு உரிய குறைந்தபட்ச எடை இருக்க வேண்டும், உனக்குத் தெரியாததா. அன்று தராசுப் பொறுப்பில் இருந்தது அவர் மனைவி. கிழவர் ஏறி உட்கார்ந்தார். முள் நின்ற இடத்தை அந்த அம்மா பார்த்தார், மறுபடி இறக்கி ஏற்றச் சொன்னார், மூன்றாவது முறையும் பார்த்தார். 700 கிராம் குறைவு. கொஞ்ச நாளாக உடம்பு இளைத்திருக்கிறார், இருக்கையில் முடுக்கிய ஈயக்கட்டியை அதற்கேற்பக் கூட்டவில்லை. அந்த அம்மா பலகையில் வண்டி எண்ணை எழுதி நேராகக் குறுக்கே கோடு போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. கிழவரும் பேசவில்லை. நாங்கள்தான் நாலு பேர் போய், மழை நாள்தானே, விட்டுவிடலாமே என்று முனகினோம். “இவருக்கு விட்டால் அடுத்த தடவை யாரை நிறுத்துவேன்?” என்று கேட்டு அனுப்பிவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் வண்டிக்குள் என்ன பேசிக்கொண்டார்களோ!

எனக்கு இந்தக் கிளப் மேல் இருக்கும் மரியாதைக்கு அந்தக் கோடு ஒரு காரணம். கொடி பிடிப்பவர், தராசுக்காரர், நேரம் குறிப்பவர், பிட் வாசலில் பின்பம்பர் ஆடுகிறதா என்று உலுக்கிப் பார்ப்பவர் என்று இந்த ஆட்கள் யாருக்கும் கோப்பை கிடையாது. இவர்களில் நாலு பேர் வராவிட்டால் அன்றைக்குப் பந்தயமே கிடையாது. ஓட்டுகிறவர்கள் மத்தியிலும் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. ஒருவனுக்குப் பின் ஸ்ப்ராக்கெட் பல் உடைந்தால் அவனோடு புள்ளிப்பட்டியலில் மோதுகிறவனே தன் பெட்டியைத் திறந்து, அதே பல் எண்ணிக்கையில் ஒன்றை எடுத்து நீட்டுவான். செயின் நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தும் கொடுப்பான். அடுத்த அரை மணியில் முதல் வளைவில் இருவரும் இடித்துக்கொள்வார்கள், அது வேறு. முன் கவசம் அழுந்தி உள்ளே போனால் 5 நொடி தண்டனை என்ற விதி வந்த பிறகு இடிப்பதும் குறைந்திருக்கிறது.

எனக்குப் பிடிக்காதது வேலியோரம் நிற்கும் சில அப்பாக்கள். எட்டு வயதுப் பிள்ளை அழுதுகொண்டே ஹெல்மெட்டைக் கழற்றுகிறது, இவர் நேரத்தாளை நீட்டி எந்த வளைவில் நொடியைத் தொலைத்தாய் என்று கேட்கிறார். மகனை ஃபார்முலா ஒன்றுக்கு அனுப்பியே தீருவேன் என்பவர்களும் உண்டு. ஃபார்முலா ஒன் சாம்பியன் மைக்கேல் ஷூமாக்கரின் அப்பா செங்கல் வேலை செய்தவர், ஜெர்மனியின் கெர்ப்பன் தடத்தில் கார்ட்டுகளைப் பழுது பார்த்தவர், அம்மா அங்கேயே சிற்றுண்டிச் சாலையில் நின்றவர் என்று எல்லோரும் கதை சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதே போன்ற குடும்பங்களிலிருந்து வந்து, வார நாளில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் ஓட்டிய ஆயிரக்கணக்கானவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை. அவர்கள் ஒன்றும் தோற்றுப்போனவர்கள் இல்லையே.

பிரேசிலின் ஃபார்முலா ஒன் வீரர் அயர்டன் சென்னாவையே எடுத்துக்கொள். கார்ட்டிங் உலக சாம்பியன் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1979-இலும் 1980-இலும் இரண்டாம் இடம்தான். ஃபார்முலா ஒன்றில் மூன்று பட்டம் வாங்கிய பிறகு, 1993-இல், யாரோடு மோதியது அதிக நிறைவு தந்தது என்று கேட்டபோது அவர் சொன்ன பெயர் டெர்ரி ஃபுல்லர்டன். கார்ட் நாட்களில் ஒரே அணியில் இருந்த ஆங்கிலேயர், 1973-இன் உலக சாம்பியன். பணமும் அரசியலும் கலக்காத சுத்தமான பந்தயம் அது என்றார். உலக அளவிலேயே அப்படியென்றால் நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்களுக்கு என்ன குறை?

சரி, உன் மகள் விஷயம். கடையில் போய் பளபளப்பாக ஒன்றை வாங்கிவிட்டால், அந்த வகுப்பில் ஓட நம் தடத்தில் ஆளே இல்லாமல் போகலாம். பல பேர் அப்படி மாட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டேன். அதனால் முதலில் ஒரு பந்தய நாள் முழுவதும் வந்து கொடி பிடி. ஒரு வளைவில் நின்று பார்த்தால் எந்த வகுப்பில் கூட்டம், எந்தக் குடும்பம் எப்படி நடந்துகொள்கிறது, உடைந்த வண்டியை யார் யாருக்குச் சரி செய்து தருகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். உனக்கும் முதலில் ஆபத்தை எச்சரிக்கும் மஞ்சள் கொடியை எப்போது காட்டுவது என்று மறந்திருக்கும். அவள் அதுவரை வாடகைக் கார்ட் லீக்கில் ஓட்டட்டும். வண்டியைக் குலுக்கல் போட்டுத்தான் தருவார்கள், நல்ல வண்டி கிடைக்கவில்லை என்று அழுவாள், அழட்டும். இரண்டு பெடலையும் ஒன்றாக மிதிக்கும் பழக்கம் மட்டும் வராமல் பார்த்துக்கொள்.

அதற்கப்புறம் வாங்கலாம், கூட்டம் அதிகமுள்ள வகுப்பில், பழைய சேசிஸாக. வாங்கும்போது என்னைக் கூப்பிடு. கவிழ்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும். அடிக்குழாய் தரையில் உரசித் தட்டையாகியிருக்கும், பற்றவைப்பு ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கும். மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனம். 206-இல் உனக்கு ஒரு சௌகரியம் உண்டு. கார்புரேட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்லைடை மாற்றினால் அதே இன்ஜின் சிறுவர் வகுப்புக்கும் ஆகும், அடுத்த வகுப்புக்கும் ஆகும். அவள் வளர வளர இன்ஜின் மாற்ற வேண்டியதில்லை.

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் உடம்பில் மாட்டுவது. உன் பழைய ஹெல்மெட்டை அவள் தலையில் கவிழ்த்துவிடாதே. உள்ளே இருக்கும் நுரை வயதானால் பயனில்லை, எடையும் அவள் கழுத்துக்கு அதிகம். சிறுவர்களுக்கென்றே ஸ்னெல் சிஎம்ஆர் என்ற பாதுகாப்புத் தரத்தில் எடை குறைந்தவை இருக்கின்றன. விலாக் கவசத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிட்டில் நீ ஸ்பானர் பிடி, வண்டி எப்படி ஓடுகிறது என்று அவளைச் சொல்லவிடு. ஓட்டும் விதத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது. அதற்குக் கிழவர் இருக்கிறார், பிள்ளைகளிடம் அவருக்கு நல்ல பொறுமை.

என் உடம்பு பரவாயில்லை. ஈயக்கட்டி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தவன் இப்போது ஒன்றும் போடாமலே கனரக வகுப்புக்குப் பொருந்துகிறேன், நீயே புரிந்துகொள்.

கிளப்பில் பழகுநர் கார்ட் ஒன்று இருக்கிறது, கேட்டு வைக்கிறேன். இருக்கை உடம்போடு இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் விலா போய்விடும். அதனால் அவளுடைய உயரம், எடை, உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம் மூன்றையும் அளந்து உடனே எழுது. நீ வரும்போது மழைக்கோட்டும், செருப்பாக இல்லாத ஏதாவது பழைய காலணியும் கொண்டு வா, கொடி மேடையில் செருப்போடு நிற்க அந்தத் தராசு அம்மா விடமாட்டார்.

அன்புடன்,
உன் பழைய பிட் கூட்டாளி