கொசு ஒழிப்புப் பணியாளர்களை மழையோடு சேர்த்து அனுப்பிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை, ஊரக வளர்ச்சித் துறை, நகராட்சி நிர்வாகத் துறைச் செயலாளர்களுக்கு,

வணக்கம்.

மூன்று துறைகளுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுத வேண்டியிருக்கிறது. அரசுக் கோப்பில் டி.பி.சி. என்றும் ஊரில் டெங்கு மஸ்தூர் என்றும் அழைக்கப்படும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் உங்கள் மூன்று துறைகளுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள். வேலை சொல்வது சுகாதாரத் துறை, கூலி தருவது உள்ளாட்சி. கூலி ஏன் வரவில்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் ஒன்றிய அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள். அங்கே போனால் வருகைப் பட்டியல் இன்னும் வந்து சேரவில்லை என்கிறார்கள். இந்த அலைச்சல் உங்களுக்குத் தெரியாததல்ல. மாவட்டம் மாவட்டமாக மனுக்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

இப்போது எழுதக் காரணம், ஆண்டுதோறும் நடப்பது மறுபடியும் நடந்திருப்பதுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்கிறது, காய்ச்சல் எண்ணிக்கை இறங்குகிறது. உடனே ஆட்குறைப்பு. பெரும்பாலும் எழுத்தில் ஒன்றும் இருக்காது. “மறுபடி சொல்லும்வரை வர வேண்டாம்” என்று வாய்மொழியாக ஒரு தகவல், அவ்வளவுதான். ஐப்பசி அடைமழையில் தெருத்தெருவாக நடந்தவர்கள் தை பிறந்ததும் வீட்டில் உட்கார வேண்டும்.

என் கோரிக்கை ஒன்றே. இவர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் வேலை கொடுங்கள். அந்த வேலையிலிருந்து மேலே ஏற ஒரு படியும் வையுங்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு மழைக்காலத்தில் மட்டும் வாழ்வதில்லை. அது முட்டையைத் தண்ணீருக்குள் இடுவதில்லை. தண்ணீர் தொடும் விளிம்புக்குச் சற்று மேலே, தொட்டியின் உள்சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி நனைந்தால் பொரியும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்வதன் காரணம் இதுதான். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் புழு போகும், சுவரில் இருக்கும் முட்டை போகாது.

கோடையில் நிலைமை இன்னும் மோசம். குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில் குடம், டிரம், சிமெண்டுத் தொட்டி, சின்டெக்ஸ் என்று எல்லாவற்றிலும் பிடித்துத்தான் வைப்பார்கள். மூடி சரியாக இல்லாத டிரம் ஒன்று போதும். மாசியிலிருந்து ஆனி வரை யாரும் எட்டிப்பார்க்காத அந்த டிரம்களில்தான் ஐப்பசிக்கான கொசு உருவாகிறது. ஆட்களை அனுப்பிவிட்ட மாதங்களில் தொடங்கியதை, காய்ச்சல் வந்த பிறகு ஆள் எடுத்துத் துரத்துகிறோம். 2012இல் டெங்குவால் 66 பேர், 2017இல் 65 பேர் தமிழ்நாட்டில் இறந்ததாக அரசின் கணக்கே சொல்கிறது.

“இதற்கு அனுபவம் எதற்கு, நாளைக்கே வேறு ஆள் எடுத்துக்கொள்ளலாம்” என்ற எண்ணம் உங்கள் துறைகளில் வேரூன்றிவிட்டது. வேலை எப்படி நடக்கிறது என்று அருகில் நின்று பார்த்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தொட்டி மூடியைத் திறந்த கணமே, வெளிச்சமோ நிழலோ பட்டதும், புழு நெளிந்து அடிக்குப் போய்விடும். அவசரமாக எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்குத் தண்ணீர் தெளிவாகத் தெரியும்; ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவார். தெரிந்தவர் டார்ச்சைப் பிடித்தபடி ஓரிரு நிமிடம் அசையாமல் நிற்பார். மூச்சு வாங்கப் புழு மேலே வந்தாக வேண்டும். அப்போது தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் ஏடிஸோ கியூலெக்ஸோ. மூச்சுக்குழல் குட்டையாக இருந்தால் ஏடிஸ், நீண்டிருந்தால் கியூலெக்ஸ். நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருந்தால் அனோபிலஸ், மலேரியாக் கொசு. இதை ஒரு நாள் வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கண் பழகச் சில மாதம் பிடிக்கும்.

அடுத்தது மருந்து. குடிதண்ணீரில் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்து லிட்டருக்கு 1 மில்லி கிராமுக்கு மேல் போகக் கூடாது. 50 சதவீத மருந்தென்றால் 500 லிட்டர் தொட்டிக்கு 1 மில்லி லிட்டர், அதையும் நீர்த்துத்தான் ஊற்ற வேண்டும். அளவு கூடினால் தண்ணீரில் வாடை வரும், அடுத்த வாரம் அந்த வீட்டுக் கதவு திறக்காது. அளவு குறைந்தால் புழு சாகாது, நாளடைவில் மருந்துக்கே பழகிவிடும். இன்னொன்றும் உண்டு: கமா வடிவில் சுருண்டு மிதக்கும் கூட்டுப்புழு அபேட்டுக்குச் சாகாது. இரண்டே நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும். கூட்டுப்புழுவைக் கண்டால் தண்ணீரைத் தரையில் கொட்டித் தொட்டியைத் தேய்ப்பதைத் தவிர வழியில்லை. புதிதாக வந்தவருக்கு இது தெரியாது. மருந்தை ஊற்றிவிட்டு, சுவரில் தேதியை எழுதிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

கதவைத் திறக்கவைப்பதும் அனுபவம்தான். நாளொன்றுக்குச் சுமார் ஐம்பது வீடு. பிரிட்ஜின் பின்தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் பெயிண்ட் வாளி, பயன்படாத ஆட்டுக்கல், மணிபிளான்ட் வைத்த பாட்டில் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சமையலறை வரை ஒருவரை விடுவதற்கு வீட்டுக்காரருக்கு அவர் முகம் தெரிந்திருக்க வேண்டும். “போன வாரம் வந்த அக்காதானே” என்றால் வாசல் திறக்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் புது முகம் அனுப்பினால் பதிவேட்டில் ‘பூட்டிய வீடு’தான் பெருகும்.

இனி சொல்லப்போவதுதான் இந்த மடலில் எனக்கு முக்கியமானது. நூறு வீடு பார்த்து எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பது வீட்டுக் குறியீடு. நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு இருந்தது என்பது பிரெட்டோ குறியீடு. எந்தத் தெருவுக்கு முதலில் ஆள் அனுப்புவது, எங்கே கூடுதல் மருந்து வேண்டும் என்று முடிவெடுக்க உங்கள் மேசைக்கு வரும் எண்கள் இவை. இந்த எண் எங்கே பிறக்கிறது? தினக்கூலிக்கு வந்த ஒரு பெண் பதிவேட்டில் எழுதும் ‘ஆம்’, ‘இல்லை’யில்.

அவர் உண்மையை எழுதினால் என்ன நடக்கிறது? எட்டு வீட்டில் புழு என்று எழுதினால், “போன வாரம் நீதானே பார்த்தாய், எப்படி வந்தது?” என்ற கேள்வி வருகிறது. சுகாதார ஆய்வாளருக்கு மேலிருந்து திட்டு, அது அப்படியே கீழே இறங்குகிறது. அடுத்த ஆட்குறைப்பில் யார் பெயர் முதலில் போகும் என்பது அவருக்குத் தெரியும். பூஜ்யம் எழுதினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம் உண்மையான எண்ணை எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? புழு அதிகம் என்று எழுதப்பட்ட தெருவுக்கு அன்றே ஆள் போயிருக்க முடியும். பூஜ்யம் எழுதப்பட்ட தெருவில் காய்ச்சலோடு ஒரு குழந்தை அரசு மருத்துவமனைக்கு வந்த பிறகுதான் நமக்கு விஷயம் தெரிகிறது.

பன்னிரண்டு மாத வேலை என்பதை நலத்திட்டமாக நான் கேட்கவில்லை. உங்கள் புள்ளிவிவரம் உண்மையாக இருக்க வேண்டுமானால் அதை எழுதும் கைக்குப் பயம் இருக்கக் கூடாது என்பதற்காகக் கேட்கிறேன்.

காய்ச்சல் வந்த தெருவில் புகை அடிக்கிறோம். மக்களுக்கு அது கண்ணில் படுகிறது, அரசு ஏதோ செய்கிறது என்ற திருப்தியும் வருகிறது. ஆனால் புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டியில் இருக்கும் புழு சில நாளில் புதுக் கொசுவாக வெளியே வரும். புகைக்கும் எண்ணெய்க்கும் பணம் இருக்கிறது, தொட்டிக்குள் டார்ச் அடிப்பவருக்குக் கையுறை வாங்கப் பணம் இல்லை என்ற நிலை மனதை உறுத்துகிறது. மருத்துவமனைக் கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு. வராமல் போன காய்ச்சலுக்கு விழா எடுக்க முடியாது. பொதுச் சுகாதாரத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரும் இந்த வருத்தத்தோடுதான் வாழ்கிறார்கள். 1939இலேயே தனிப் பொதுச் சுகாதாரச் சட்டம் கண்ட மண் இது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பெரிய தொற்றுநோய் எதுவும் பரவாமல் காத்ததில் குளோரின் வாளியோடும் தடுப்பூசிப் பெட்டியோடும் நின்ற களப்பணியாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த மரபுக்கு உரியவர்களை இப்படி நடத்தலாமா?

படி பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு வருபவர்களில் பிளஸ் டூ முடித்தவர்கள், பட்டதாரிகள்கூட இருக்கிறார்கள். கூலிக்காக வந்தவர்கள்தான், ஆனால் இரண்டு பருவம் பார்த்துவிட்டால் தெருவின் வரைபடமே மனப்பாடமாகிறது, இந்த வேலையின் மேல் பிடிப்பும் வந்துவிடுகிறது. அவர்களுக்கு மேலே சுகாதார ஆய்வாளர் இரண்டாம் நிலை, முதல் நிலை, வட்டார சுகாதார மேற்பார்வையாளர் என்று ஏணி இருக்கிறது. கீழ்ப்படி மட்டும் இல்லை. ஆய்வாளராக பிளஸ் டூவில் அறிவியல் பாடமும் இரண்டாண்டு பயிற்சியும் வேண்டும். தினக்கூலியை விட்டுவிட்டு இரண்டாண்டு படிக்க எத்தனை பேரால் முடியும்?

பயிற்சி தரும் இடங்கள் இல்லாமல் இல்லை. காந்திகிராமத்தில் கிராமிய சுகாதார நிறுவனம் இருக்கிறது. ஓசூரில் நோய்க்கடத்திகள் பற்றிய அரசு நிறுவனமே இருக்கிறது. புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுகலைப் படிப்பே நடத்துகிறது. சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. தெருவில் புழு பார்ப்பவரையும் இந்த நிறுவனங்களையும் இணைக்கும் பாதைதான் போடப்படவில்லை. பொதுச் சுகாதாரத்துக்கு வாருங்கள் என்று கல்லூரி மாணவர்களை அழைக்கும் அரசு, ஏற்கெனவே வந்து நிற்பவர்களுக்கு என்ன எதிர்காலம் காட்டுகிறது?

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன். ஆண்டு முழுவதும் வேலை என்று மூன்று துறைகளும் சேர்ந்து ஒரே அரசாணை வெளியிடுங்கள். கூலி எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கிலிருந்து என்பதை அதிலேயே எழுதுங்கள். வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் சேர்க்கப்படட்டும். மூன்றாண்டு தொடர்ந்து பணி செய்த தகுதியுள்ளவர்களை ஊதியத்தோடு ஆய்வாளர் பயிற்சிக்கு அனுப்பி, தேர்வில் அவர்கள் அனுபவத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். புழு அதிகம் என்று எழுதியவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது, அந்தத் தெருவுக்கு மறுநாளே கூடுதல் ஆள் போக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதற்குச் செலவே கிடையாது, இந்த வாரமே அனுப்பலாம்.

மே 16 தேசிய டெங்கு தினம். எல்லா அலுவலகங்களிலும் உறுதிமொழி எடுப்பீர்கள். அந்த நாளுக்கு முன்பே அரசாணை வந்துவிட்டால், அனுப்பப்பட்டவர்களைத் திரும்ப அழைத்துக் கோடைத் தண்ணீர்த் தொட்டிகளை இந்த ஆண்டே பார்க்கத் தொடங்கிவிடலாம். தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரக் களப் பயிற்றுநர் ஒருவர்