பயிற்சி நேரத்தைப் பற்றிக் கேள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அமெரிக்கக் கல்லூரியில் ஆண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி தினமும் மாலை நேரம், பெண்கள் அணியான உங்களுக்கு மட்டும் விடியற்காலை என்று போனில் சொன்னாய். "டீம் இருப்பதே பெரிய விஷயம், கிளறாதே" என்று சீனியர்கள் சொல்கிறார்களாம். அந்தப் பேச்சுதான் எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ போட்ட பிச்சையா அது?

1971-72இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் 3 லட்சம்கூட இல்லை. இப்போது 30 லட்சத்துக்கு மேல். நடுவில் வந்தது டைட்டில் நைன் சட்டம், 1972 ஜூன் 23. அதில் விளையாட்டு என்ற பேச்சே கிடையாது. மத்திய அரசின் பணம் வாங்கும் கல்வித் திட்டம் எதிலும் ஆண், பெண் என்று பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சட்டம் வந்த பிறகும் கேட்டால்தான் கிடைத்தது. 1976இல் யேல் பல்கலைக்கழகத்தின் துடுப்புப் படகு வீராங்கனைகளுக்குப் படகுத்துறையில் குளிக்க இடமில்லை. ஆண்கள் வெந்நீரில் குளித்துவிட்டு வரும்வரை, குளிரில் நனைந்த உடையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் 19 பேர் விளையாட்டுத் துறை அலுவலகத்துக்குப் போய், சட்டத்தின் பெயரை எழுதியிருந்த வெற்றுடம்போடு நின்று தங்கள் அறிக்கையைப் படித்தார்கள். செய்தி நியூயார்க் டைம்ஸில் வந்தது. அந்தப் பெண்களை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பணம் விஷயத்தில் நீ தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு அணிக்கும் டாலருக்கு டாலர் ஒரே செலவு செய் என்று சட்டம் சொல்லவில்லை. விளையாட்டு உதவித்தொகை மட்டும் ஆண், பெண் வீரர்களின் எண்ணிக்கை விகிதத்தில் போக வேண்டும். மற்றபடி சாமான்கள், பயிற்சி நேரம், பயணம், கோச், உடை மாற்றும் அறை, மருத்துவ வசதி, விளம்பரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பயிற்சி நேரம் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. "ஆண்கள் அணிக்கு நன்கொடையாளர்கள் தருகிறார்கள்" என்றும் கல்லூரி தப்பிக்க முடியாது. பணம் எங்கிருந்து வந்தாலும் வசதியைச் சமமாக வைப்பது அவர்கள் பொறுப்பு.

பெண்களுக்குக் கொடுத்ததால்தான் ஆண்கள் மல்யுத்த அணிகள் மூடப்பட்டன என்று யாராவது சொல்வார்கள். அணி இழந்த பையன்களின் வருத்தம் நிஜம். ஆனால் எந்த அணியையும் மூடச் சொல்லி சட்டத்தில் இல்லை. நூறு பேருக்கு மேல் இருக்கும் அமெரிக்க ஃபுட்பால் அணியைத் தொடாமல் சின்ன அணிகளை வெட்டியது கல்லூரிகளின் முடிவு.

பழிவாங்குவார்கள் என்று பயப்படாதே. அலபாமாவில் ரோடெரிக் ஜாக்சன் என்ற கோச், பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பணமும் வசதியும் சரியாகத் தரவில்லை என்று புகார் செய்து, கோச் பொறுப்பை இழந்தார். புகார் செய்தவரைப் பழிவாங்குவதும் இதே சட்டத்தை மீறுவதுதான் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சரி, முதலில் இரண்டு அணிகளின் பயிற்சி அட்டவணையையும் எடுத்து வை. அணிகளுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கல்லூரி ஆண்டுதோறும் வெளியிட வேண்டிய அறிக்கை இருக்கிறது, அதையும் பார். அப்புறம் தோழிகள் இரண்டு பேரோடு, கல்லூரியில் இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளரைப் போய்ப் பார். ஒரு பருவம் அவர்களுக்கு மாலை, அடுத்த பருவம் உங்களுக்கு என்று மாற்றித் தரச் சொல். பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடு. அனுப்புமுன் எனக்குக் காட்டு, அப்பாவும் நானும் படித்துப் பார்க்கிறோம்.

அன்புடன்,
அம்மா